பி.எல்.சி.யை மாற்றுங்கள், அதற்குள் இருக்கும் மதிப்புகளைத் தொலைக்காதீர்கள்

நாமக்கல், ஈரோடு, கோவை வட்டாரங்களில் தீவன ஆலை, நூற்பாலை, சாய ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய கொள்முதல் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆலை நிற்கும் நாட்களில்தான் நம் பக்கத்தில் பி.எல்.சி. (இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) மாற்றும் வேலைகள் பெரும்பாலும் நடக்கின்றன. அதற்கான ஆர்டர்கள் சில மாதங்கள் முன்னதாகவே உங்கள் மேசைக்கு வந்துவிடுகின்றன. நீங்கள் கையெழுத்திடும் அந்தத் தாளில் இருக்க வேண்டிய ஒரு வரி இல்லை என்று சொல்லத்தான் இந்த மடல். நான் பேனல் (பி.எல்.சி. இருக்கும் மின்பெட்டி) பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன். எந்த நிறுவனத்துக்கும் முகவர் அல்லன். எதையும் உங்களிடம் விற்க வரவில்லை.

என் கண்ணில் பட்ட ஆர்டர்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கின்றன. சி.பி.யு. ஒன்று, இன்புட் கார்டு இத்தனை, அவுட்புட் கார்டு இத்தனை, தொடுதிரை ஒன்று, கேபிள், லக், ஃபெரூல் வரை எண்ணிக்கையோடும் விலையோடும் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: ‘பழைய புரோகிராமைப் புதிய பி.எல்.சி.க்கு மாற்றித் தருதல் – 1 லாட்’. நூறு ரூபாய் ஃபெரூலுக்குத் தனி வரி எழுதுகிறோம். ஆலையின் இத்தனை வருடப் பழக்கத்தையெல்லாம் சுமந்துகொண்டிருக்கும் தரவுகளை ‘1 லாட்’டுக்குள் மடித்து வைத்துவிடுகிறோம். சரியாகச் சொன்னால், மடித்துக்கூட வைப்பதில்லை. அந்த வரியில் இருப்பது புரோகிராம் மட்டுந்தான். தரவு அதில் இல்லை.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பீர்கள். ‘தொட்டி நிரம்பினால் பம்பை நிறுத்து’ என்பது புரோகிராம். ‘நிரம்புவது’ என்றால் எத்தனை செ.மீ., நிறுத்துவதற்கு முன் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும், இதுவரை இந்தப் பம்பு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பவை மதிப்புகள். புரோகிராமை எழுதியவர் இயந்திரம் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர். மதிப்புகளை எழுதியவர்கள் உங்கள் ஆபரேட்டர்களும் ஃபிட்டர்களும். புரோகிராம் தொலைந்தால் அதை எழுதியவரைத் தேடிப் பிடித்து இன்னொரு பிரதி வாங்கிவிடலாம். மதிப்புகளுக்கு இன்னொரு பிரதி எங்கும் கிடையாது.

நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆலையின் பெயரும் வேலை செய்தவர்களின் பெயரும் இங்கே தேவையில்லை. ஒரு டன் பேட்ச். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல் என்று ஒவ்வொன்றும் ஸ்க்ரூ கன்வேயர் வழியாகத் தராசுத் தொட்டியில் விழும். தொட்டியைத் தாங்கும் லோட் செல்கள் எடையைச் சொல்லும். 520 கிலோ சோளம் வேண்டும் என்றால் 520-ல் கன்வேயரை நிறுத்தக் கூடாது. நிறுத்தும் கணத்தில் வாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் இன்னும் மூன்று நான்கு கிலோ சோளம் விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே 516-ல் நிறுத்த வேண்டும். அந்த ‘நான்கு’ ஒவ்வொரு பொருளுக்கும் வேறு. மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல்லுக்கு ஒன்று, குருணைக்கு வேறொன்று. மழைக்காலத்துச் சோளத்துக்கும் கோடைச் சோளத்துக்குமே சிறிது மாறும். இந்த எண்களை அந்த ஆலையின் மூத்த ஆபரேட்டர் பல வருடங்களாகத் திரையின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே வந்திருந்தார். பழைய பேனல் கதவின் உட்புறத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு பட்டியலும் எழுதி வைத்திருந்தார். அடித்தல், அதற்கு மேல் திருத்தல், அதையும் அடித்து ஓரத்தில் புதிய எண்.

பி.எல்.சி. மாற்ற வந்தவர்களிடம் இயந்திரம் செய்த நிறுவனம் கொடுத்த ஒரு சி.டி. இருந்தது. அதிலிருந்த புரோகிராமை எடுத்துப் புதிய கருவிக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றினார்கள். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. எல்லா மோட்டாரும் முறையாக ஓடின. ஆனால் சி.டி.யில் இருந்த மதிப்புகள் ஆலை தொடங்கிய நாளின் மதிப்புகள். அதற்குப் பிறகு கன்வேயரே மாற்றப்பட்டிருந்தது. பட்டியல் எழுதிய பழைய கதவு பழைய பேனலோடு காயலான் கடைக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒன்று கூடியது, இன்னொன்று குறைந்தது. மணிக்கு 10 பேட்ச் என்று வையுங்கள். பேட்ச்சுக்கு 3 கிலோ தவறினால் 20 மணி நேர ஓட்டத்தில் 600 கிலோ. தொடுதிரையோ பளபளவென்று எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் கையிருப்புக் கணக்கு உதைத்தபோது சந்தேகம் முதலில் விழுந்தது குடோன் கணக்கர் மேல். பாவம், அந்த மனிதர் ஒரு வாரம் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். பி.எல்.சி. மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? புத்தம் புதியதாயிற்றே.

கடையை இடித்துப் புதிதாகக் கட்டும்போது பற்று வரவு நோட்டையும் பழைய சாமானோடு எடைக்குப் போட்டதற்கு ஒப்பான வேலை இது.

இந்த மாற்றத்தை இனித் தள்ளிப்போட முடியாது என்பதும் உண்மை. நம் ஆலைகளில் அதிகம் காணப்படும் சீமென்ஸ் எஸ்7-300 வரிசையை 2023 அக்டோபரிலிருந்து அந்த நிறுவனம் படிப்படியாக விலக்கத் தொடங்கியது. இன்னொரு தயாரிப்பான ஆலன் பிராட்லியின் பி.எல்.சி-5 வரிசை 2017-லேயே நிறுத்தப்பட்டது. எஸ்7-க்கு முந்தைய சீமென்ஸ் வரிசையான எஸ்5 இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு உதிரி தேடுபவர்கள் பழைய பொருள் கடைகளில்தான் அலைகிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால்தான் எப்படி மாற்றுவது என்பதைப் பேச வேண்டியிருக்கிறது.

தரவு எங்கெங்கே நழுவுகிறது என்று ஓரிரு இடங்களையாவது நீங்கள் அறிந்திருக்க வேண்டும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலாவது, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பது. பழைய பி.எல்.சி.கள் பலவற்றில் நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது ஒரு சிறிய லித்தியம் பேட்டரி. அந்த பேட்டரி தீர்ந்து, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே வருடக்கணக்கில் ஓடும் ஆலைகள் உண்டு. மின்சாரம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மாற்றும் வேலைக்கு வந்தவர் முதல் காரியமாக மெயின் சுவிட்சை இறக்கினால், அந்த நொடியில் மதிப்புகளும் புரோகிராமும் சேர்ந்தே போய்விடும். எனவே மின்சாரத்தைத் துண்டிக்கும் முன், ஓடிக்கொண்டிருக்கும் சி.பி.யு.விலிருந்து நேரடியாகப் பிரதி எடுக்க வேண்டும். சி.டி.யிலிருந்தோ மடிக்கணினியில் கிடக்கும் பழைய கோப்பிலிருந்தோ எடுப்பது பிரதி ஆகாது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். மெமரி கார்டு உள்ள எஸ்7-300-ல் டேட்டா பிளாக்கில் (மதிப்புகளைச் சேமிக்கும் நினைவகப் பகுதியில்) இருக்கும் மதிப்புகள், வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, மின்சாரம் போனாலும் அப்படியே நிற்கும். அதிலேயே பழகிய பொறியாளர் சீமென்ஸின் புதிய வரிசைகளான எஸ்7-1200-க்கோ எஸ்7-1500-க்கோ வருகிறார். இங்கே புதிதாக உருவாக்கும் டேட்டா பிளாக்கில் நிலை தலைகீழ்: ‘ரிடெய்ன்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால்தான் மதிப்பு நிற்கும். போடாவிட்டால் மின்சாரம் போய் வரும்போது தொடக்க மதிப்புக்குத் திரும்பிவிடும். டிக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடவும் முடியாது. எஸ்7-1200-ல் அப்படி நிற்கக்கூடிய இடம் மொத்தமே 10 கிலோபைட், பிந்தைய பதிப்புகளில் 14. பெரிய ரெசிபிப் பட்டியல் இருந்தால் எதை நிறுத்துவது, எதை விடுவது என்று யாராவது உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை எடுக்க வேண்டியவர் உங்கள் உற்பத்தி மேலாளர். ஆனால் எடுப்பவர் இரவு இரண்டு மணிக்குப் பேனல் முன் அமர்ந்திருக்கும் ஒப்பந்தக்காரரின் இளைஞர்.

இந்தக் கோளாறு சோதனை ஓட்டத்தில் வெளியே தெரியாது. இரண்டு நாள் சோதனை நடக்கும், எல்லாம் சரியாக ஓடும், நீங்கள் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுவீர்கள், பணமும் போய்விடும். பிறகு ஒரு நாள் மின்தடை வரும். மின்சாரம் திரும்பியதும் சாய இயந்திரம் தொடக்க நாளின் வெப்ப ஏற்றத்தோடு ஓடத் தொடங்கும். ஒரு லாட் துணி நிறம் மாறிப் போகும். தண்ணீர் சரியில்லை, சாயம் சரியில்லை, ஆபரேட்டர் தூங்கிவிட்டார் என்று ஆயிரம் காரணம் பேசுவோம். கட்டத்தில் டிக் இல்லை என்று யாரும் பேச மாட்டார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. பி.எல்.சி-5-ல் ஒரு டைமரின் அடிப்படை அலகு 1 விநாடி அல்லது 0.01 விநாடி. அதன் வாரிசான கன்ட்ரோல்லாஜிக்ஸில் அலகு மில்லி விநாடி, அவ்வளவுதான், வேறு தேர்வில்லை. ‘30’ என்ற எண் பழையதில் 30 விநாடியாக இருந்திருக்கலாம். புதியதில் அது 0.03 விநாடி. புரோகிராமுக்குள் எழுதப்பட்ட எண்களைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றே வைப்போம். ஆபரேட்டர் திரையிலிருந்து வரும் எண்ணை யார் பார்ப்பது? அவர் பழக்கப்படி 30 என்று அடிப்பார். கன்வேயரில் இருக்கும் பொருள் காலியாக ஓடித் தீர்வதற்காக வைத்த நேரம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பொருள் உள்ளேயே தங்கும். மறுநாள் காலை மோட்டார் திணறி டிரிப் ஆகும்போது, குற்றவாளி என்று மோட்டாரைக் கழற்றுவோம்.

சீமென்ஸின் பழைய டைமர்களில் வேறொரு சிக்கல். எஸ்5 முறையில் நேரம் மூன்று தசம இலக்கங்களாகத் தனித்தனியே குறியிடப்படுகிறது. அதிகபட்சம் 9990 விநாடி, அதாவது 2 மணி 46 நிமிடம் 30 விநாடி. அப்படிக் குறியிட்ட 250-ஐச் சாதாரண முழு எண்ணாக வாசித்தால் 592 என்று வரும். 592 பார்ப்பதற்கு நம்பக்கூடிய எண்ணாகவே இருக்கிறது. முழுப் பைத்தியக்கார எண் வந்தால் யாராவது திடுக்கிட்டுத் திருத்துவார்கள். நம்பும்படியான தவறான எண்தான் வருடக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

எஸ்5-ல் டேட்டா பிளாக்கின் முகவரி வார்த்தைக் கணக்கு. எஸ்7-ல் பைட் கணக்கு. பழைய 10-ஆம் இடம் புதியதில் 20-ஆம் இடம். கணினியில் ஓடும் கண்காணிப்பு மென்பொருளையும் பேனலையும் வெவ்வேறு ஆட்கள் மாற்றும்போது, ஒருவர் 20 என்று மாற்றியிருப்பார், மற்றவர் 10-லேயே விட்டிருப்பார். இரு பக்கமும் எண்கள் வரும். அவை வேறு வேறு இடத்து எண்கள்.

மின் அளவி, நீர் அளவி போன்றவற்றிலிருந்து வரும் 32 பிட் எண்களிலும் இதே கதை. மோட்பஸ் (கருவிகள் தமக்குள் தரவு பரிமாறும் முறை) வழியாக அவை இரண்டு பாதிகளாக வருகின்றன. எந்தப் பாதி முன், எந்தப் பாதி பின் என்பதில் கருவிக்குக் கருவி வேறுபாடு. 12.5 என்ற எண்ணைப் பாதி மாற்றி வாசித்தால் ஏறக்குறைய பூஜ்யம் வரும். இது உடனே தெரிந்துவிடுவதால் பெரிய ஆபத்தில்லை என்பேன்.

கூட்டிக்கொண்டே போகும் கணக்குகள் அப்படியல்ல. மொத்த நீர், மொத்த யூனிட், மொத்த உற்பத்தி ஆகியவற்றைச் சாதாரண 32 பிட் தசம எண்ணாக வைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த வகை எண் 1,67,77,216-ஐ எட்டியதும், அதனோடு ஒன்றைக் கூட்டினால் கூடாது. ஓட்டம் நடக்கும், கணக்கு நிற்கும். பழைய பி.எல்.சி.யில் இதே கூட்டுத்தொகையை முழு எண்ணாகவோ இரண்டு பகுதியாகப் பிரித்தோ கவனமாக வைத்திருப்பார் ஒரு பழைய கைகாரர். புதியவர் அதைப் பார்த்து, ‘இவ்வளவு சுற்றி வளைப்பானேன்’ என்று ஒரே வரியில் சுருக்கிவிடுவார். சுருக்கியது அழகாகத்தான் இருக்கும்.

ஓடிய மணி நேரங்களையும் மறக்க வேண்டாம். ஹேமர் மில்லின் சுத்தியலைத் திருப்பிப் போடுவதும், ரிங் ஃபிரேமில் டிராவலர் மாற்றுவதும் அந்தக் கணக்கை வைத்துத்தான். எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், தேய்ந்த பாகத்துக்குப் புதுப் பிறந்தநாள் கொண்டாடியதாக ஆகும்.

இதற்கெல்லாம் ஒப்பந்தக்காரர்களைக் குற்றம் சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன். நீங்கள் மூன்று மேற்கோள் வாங்கி, குறைந்த விலைக்காரரைப் பிடித்து, அதிலும் பத்து சதவீதம் குறைத்து, இரண்டு நாளில் முடிக்கச் சொல்கிறீர்கள். மதிப்புகளை எடுத்து, சரிபார்த்து, புதியதில் ஏற்றி, மறுபடி சரிபார்ப்பது ஒரு தனி ஆளுக்கு முழு வேலை. அதற்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை, அவர் செய்யவில்லை. நேர்மையான ஒப்பந்தக்காரர் அதையும் விலையில் சேர்த்தால் அவருடைய மேற்கோள் கூடுதலாகத் தெரியும், ஆர்டர் அவருக்குப் போகாது. தரவைக் கேட்காமல் விட்டவருக்குத்தான் போகும். இந்த விளையாட்டின் விதியை எழுதியவர்கள் நீங்கள். மாற்றுவதும் உங்கள் கையில்தான்.

ஆகவே நான் கேட்பது இது. ஆர்டரில் ‘தற்போதைய மதிப்புகளை எடுத்து, சரிபார்த்து, புதிய பி.எல்.சி.யில் ஏற்றித் தருதல்’ என்று தனி வரி, தனி விலை போடுங்கள். மூன்று மேற்கோளிலும் அந்த வரி இருந்தால் யாரும் யாருக்கும் பாதகமாக நிற்க மாட்டார்கள்.

அந்த வரிக்குக் கீழே பட்டியல் வேண்டும். ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர், அலகு, பழைய இடம், புதிய இடம், மின்சாரம் போனால் நிற்க வேண்டுமா வேண்டாமா என்ற குறிப்பு. இதை ஒப்பந்தக்காரர் மட்டும் தயாரித்தால் பயனில்லை. ‘டி 210’ என்ற நினைவக இடத்தில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. உங்கள் ஆபரேட்டருக்குத்தான் தெரியும். இரண்டு பேரையும் ஒரு நாள் முழுக்க ஒரே மேசையில் உட்கார வையுங்கள். அந்த ஒரு நாள் உற்பத்திக்கு ஆள் குறைகிறதே என்று மேற்பார்வையாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். கதவின் உட்புறம், ஷிப்ட் நோட்டு, ஆபரேட்டரின் சட்டைப்பை டைரி எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரதியை ஆர்டர் கொடுத்த வாரத்தில் ஒரு முறை எடுக்கலாம். ஆனால் கடைசிப் பிரதி, ஆலையை நிறுத்துவதற்குச் சற்று முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் ஆபரேட்டர் சும்மா இருந்திருக்க மாட்டார்.

மின்தடைச் சோதனையை ஒப்புதலுக்கு நிபந்தனையாக்குங்கள். சோதனை ஓட்டம் முடிந்த பிறகு, மதிப்புகளில் சிலவற்றை வேண்டுமென்றே மாற்றி, மெயினை இறக்கி, சிறிது நேரம் கழித்து ஏற்றி, பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மாற்றிய மதிப்பு நிற்கிறதா, பழைய தொடக்க மதிப்புக்கு ஓடிவிட்டதா என்பது அப்போது தெரிந்துவிடும். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.

பிற்பாடு புரோகிராமில் சிறு திருத்தம் செய்ய வருபவர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். டேட்டா பிளாக்கின் அமைப்பை மாற்றிவிட்டு டவுன்லோட் செய்தால் அதிலுள்ள மதிப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். மென்பொருள் எச்சரிக்கத்தான் செய்யும்; அவசரத்தில் ‘ஓகே’ தட்டப்படும். சீமென்ஸின் புரோகிராம் எழுதும் மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலில் ஓடும் மதிப்புகளை ‘ஸ்னாப்ஷாட்’டாகப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறது. டவுன்லோடுக்கு முன் ஸ்னாப்ஷாட் இல்லாமல் யாரும் கேபிள் செருகக் கூடாது என்று பேனல் அறையில் எழுதி ஒட்டுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோமே, அதே கதவில் ஒட்டினாலும் சரி.

மூலக் கோப்பைப் பாஸ்வேர்ட் இல்லாமல் வாங்குங்கள். எஸ்7-300-ல் சி.பி.யு.விலிருந்து திரும்ப எடுக்கும் புரோகிராமில் பெயர்களோ குறிப்புகளோ இருக்காது; எது எந்தப் பம்பு என்று தெரியாத வெறும் எண்கள்தான் கிடைக்கும். மூலக் கோப்பு இல்லாதவருக்கு அடுத்த மாற்றத்தில் இதே தலைவலி இரட்டிப்பாகும். ‘அது எங்கள் அறிவுசார் சொத்து’ என்று இயந்திரம் செய்தவர் சொல்வார். தர்க்கம் அவருடையதாகவே இருக்கட்டும். பேட்ச் எடை, வெப்ப ஏற்றம், காத்திருப்பு நேரம் ஆகியவை உங்கள் ஆலையில், உங்கள் செலவில், உங்கள் ஆட்கள் கண்டுபிடித்தவை. அவற்றைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

பழைய சி.பி.யு.வையும் மெமரி கார்டையும் பேனல் கதவையும் மூன்று மாதமாவது ஆலைக்குள் வைத்திருங்கள். பேட்டரியை நம்பும் சி.பி.யு.வாக இருந்தால், வைப்பதற்கு முன் புதிய பேட்டரி போடுங்கள். அதை மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பது உங்கள் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும்.

ஆர்டரை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். வேலை தொடங்கும்வரை திருத்த ஆணை அனுப்ப நேரம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் கூடுதல் தொகை கேட்பார், கொடுங்கள். மதிப்புப் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் பத்து வருடத்துக்கு மேல் அந்த இயந்திரத்தில் நிற்கும் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, திரையில் எந்தெந்த எண்ணைத் தொடுகிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்துப் பேனல் பராமரிப்பாளர் ஒருவர்